ஆண்டவருக்கு ஒரு நல்ல கமிட்டி வாய்க்கலியே!

எல்லாரும் உக்காருங்க. மைக்கைக் கிட்டக் கொண்டாராதேடே, பனை உச்சியில இருந்து அடுத்த விளைக்குச் சத்தம் குடுத்துப் பழகின தொண்டை இது. இன்னைக்கு வாலிபர் ஐக்கியத்துல பேச வேண்டிய ஐயரு அவசரமா டயோசிஸ் ஆபீசுக்குப் போயிருக்காராம். எதுக்குன்னு கேக்காதீங்க, எலெக்‌ஷன் வருது. அதனால இந்தக் கெழவனைப் புடிச்சு நிறுத்தியிருக்காவ. செக்ரட்டரித் தம்பி ஒரு துண்டுச் சீட்டுல தலைப்பும் எழுதிக் குடுத்துட்டான்: ஆண்டவரின் ஆரம்ப வாழ்க்கையும் ஊழியமும், அதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?

நல்ல தலைப்புதான். தலைகீழா எழுதிட்டியேன்னுதான் வருத்தம். நாலு சுவிசேஷத்தையும் நான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டேன். அவரு செஞ்சதுல ஒண்ணாவது நாம செய்யுத முறைப்படி இருக்கா? கிடையாது. அப்போ தப்பு ஏதாவது ஒரு பக்கம் இருந்தாகணும். நம்ம சபை ரெஜிஸ்டர், ரசீது புக்கு, கமிட்டின்னு ஒழுங்கா நடக்குத சபை, நம்ம பக்கம் தப்பு இருக்க வழியில்லை. ஆக, அவருதான் நம்மகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமப் போனதால என்னென்ன கோட்டை விட்டாருன்னு சொல்லுதேன், கேளுங்க.

குடும்பப் பெருமையில இருந்து ஆரம்பிப்போம். நம்ம வீடுகள்ல வரன் பாக்கும்போது ஜாதகம் எழுத மாட்டோம், அது அஞ்ஞானம். பயோடேட்டாதான் எழுதுவோம். மொத வரி, பாரம்பரியக் கிறிஸ்தவக் குடும்பம். ரெண்டாவது வரி, பூட்டன் எந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கையால ஞானஸ்நானம் வாங்கினாருங்கிறது. சித்தப்பா மகன் கடனுக்குப் பயந்து ராத்திரி பஸ் ஏறினதும், அத்தை ஒருத்தி சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டதும் அதுல வராது. எழுதுதவனுக்கு அந்த விவரம் வேணும்.

மத்தேயுவுக்கு அது பத்தாது. ஆபிரகாம்ல தொடங்கி மூணு பதினாலு தலைமுறை எழுதுதாரு. ஆம்பளைங்க பேரா போயிக்கிட்டு இருக்கு, திடீர்னு நடுவுல நாலு பொம்பளைங்க. சாராள், ரெபேக்காள்னு மதிப்பான பாட்டிமாரு இருக்காவல்லா, அவுகளைப் போட்டிருக்கலாம். போட்டது யாரை? மாமனாரு நியாயம் செய்யலைன்னு வேசம் கட்டி நியாயத்தை வாங்கின தாமார். எரிகோ மதில்மேல குடியிருந்த ராகாப், அவ தொழிலு என்னன்னு பிள்ளைங்க இருக்குத கூட்டத்துல சொல்ல முடியாது. மோவாப் தேசத்துல இருந்து பொழைக்க வந்த ரூத். நாலாவது அம்மாவைப் பேரே சொல்லாம உரியா பெஞ்சாதின்னு எழுதி, தாவீது ராசா வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திட்டாரு. நம்ம கமிட்டி கையில அந்தப் பட்டியல் கெடைச்சிருந்தா ஒரே ராத்திரியில திருத்தி, லேமினேட் பண்ணிக் குடுத்திருப்போம்.

அடுத்தது பொறந்தநாள். நமக்கு நவம்பர் முடியுமுன்ன ஸ்டார் ஏறிரும், டிரம் செட்டுக்கு அட்வான்ஸ் போயிரும், கேக்கு வெட்ட எம்.எல்.ஏ.கிட்ட தேதி வாங்கிருவோம். அங்க மாட்டுக்குத் தீனி போடுத தொட்டியில பிள்ளையைக் கெடத்தியிருக்கு. சேதி போனது, ராத்திரி ஆட்டுக்குக் காவல் கெடந்த இடையருக்கு. அவுகதான் சிறப்பு விருந்தினர். பொன்னாடை போத்தக்கூட ஆளில்லை. கிழக்கே இருந்து சாஸ்திரிமாரு வந்தாவளே தாத்தான்னு ஒரு பிள்ளை கேக்கா. வந்தாவதான். அவுக புறதேசத்து ஆளு தாயி, நம்ம சபையில சந்தா கட்டாத ஆளு.

நாப்பது நாள் கழிச்சுப் பிள்ளையை எருசலேமுக்குத் தூக்கிட்டுப் போனாவ. லேவியராகமத்துல இதுக்கு ரேட்டு உண்டு. பிள்ளை பெத்தவ ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொண்டாரணும். ஆடு வாங்க வக்கில்லாதவ ரெண்டு புறாவோட வந்தாப் போதும். மரியாள் என்ன கொண்டு போனான்னு எழுதும்போது லூக்கா புறாவோட நிறுத்திக்கிடுதாரு. ஆட்டைப் பத்திப் பேச்சே இல்லை. உலக ரட்சகர் வீட்டுக் காணிக்கை ஏழை ரேட்டுல முடிஞ்சு போச்சு. நம்ம ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துல ஒரு தேங்காயை மூவாயிரத்துக்குக் கேட்டுட்டு, மைக்குல பேரு சரியா விழலைன்னு ரெண்டாந்தரம் சொல்லச் சொல்லுதோம்லா? அந்த நேரத்துல யோசேப்பும் மரியாளும் ரெண்டு புறாவோட பந்தல் வாசல்ல வந்து நின்னா என்ன செய்வோம்? வெரட்ட மாட்டோம், நாம மரியாதை தெரிஞ்சவங்க. அசனச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கு, போயிட்டு அப்புறமா வாங்கன்னு சொல்லுவோம்.

ஏரோது பிள்ளையை வெட்ட ஆள் அனுப்புதான்னு தெரிஞ்சதும் ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்கு ஓட்டம். இன்னைக்கு ஒரு அகதி நம்ம கோயில் வாசல்ல வந்து நின்னா ஆதார் கார்டு இருக்கான்னு கேக்கோம். எகிப்துக்காரன் அஞ்ஞானி, அவனுக்கு இந்த முறையெல்லாம் தெரியலை, உள்ள விட்டுட்டான். அவன் விவரம் கெட்டவனா இருந்ததால நமக்குச் சுவிசேஷம் மிஞ்சிச்சு.

அப்புறம் குடியிருந்த ஊரு. நாசரேத்துன்னதும் நம்ம தூத்துக்குடி ஜில்லா நாசரேத்தை நெனைச்சுக்கிடாதீங்க. இங்க ரயில்வே ஸ்டேஷன் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. கலிலேயா நாசரேத்து அந்தக் காலத்துல சில நூறு பேரு இருந்த பட்டிக்காடு. பழைய ஏற்பாட்டுல அந்தப் பேரே கெடையாது. யோசேபஸுன்னு ஒரு யூத சரித்திரக்காரரு, கலிலேயாவிலேயே படை நடத்தினவரு, அந்தப் பக்கத்து ஊரு பேரெல்லாம் எத்தனையோ எழுதியிருக்காரு. நாசரேத்தை எழுதணும்னு அவருக்குத் தோணலை. ஊரு பேரைக் கேட்டதுமே நாத்தான்வேல், அங்க இருந்து உருப்படியா என்னடே வரப்போவுதுன்னு மொகத்தைச் சுளிச்சாரு. அவரும் அதே கலிலேயாவுல கானா ஊருக்காரருதான். பக்கத்து ஊரை மட்டமாப் பேசுத பழக்கம் நாம கண்டுபிடிச்சது இல்லை பாத்துக்கிடுங்க.

அந்தப் பட்டிக்காட்டுக்கு 6 கிலோமீட்டர் தள்ளி செப்போரிஸுன்னு ஒரு டவுனு. ஏரோது அந்திப்பா கலிலேயாவுக்கே நகை பூட்டினாப்புல அதைத் திருப்பிக் கட்டினான். நல்ல கமிட்டியா இருந்தா என்ன சொல்லியிருக்கும்? செப்போரிஸ்ல ஒரு எடம் வாங்கிப் போடுங்க, கூட்டம் சேரும், பார்க்கிங்குக்கும் வசதின்னு சொல்லியிருக்கும். நாலு சுவிசேஷத்தையும் சலிச்சுப் பாருங்க, செப்போரிஸ் பேரு ஒரு எடத்துலயும் வராது.

அந்தப் பட்டிக்காட்டுலதான் அவ்வளவு வருசமும். ஊழியம் தொடங்கும்போது ஏறக்குறைய 30 வயசுங்காரு லூக்கா. ஊழியமோ மிஞ்சிப்போனா மூணு வருசச் சொச்சம். 12 வயசுல ஒரு தடவை எருசலேம்ல தலை காட்டினாரு. அதுக்கப்புறம் 18 வருசம் ஒரு பேச்சு மூச்சு இல்லை. தச்சு வேலை. ஏரும் நுகமும் செஞ்சாருன்னு ரெண்டாம் நூற்றாண்டுல ஜஸ்டின்னு ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு. பனங்கொட்டையைப் புதைச்சவன் மறுவருசம் கலயத்தோட போயி நிக்க முடியாது மக்கா. அது பாட்டுக்குப் பதினஞ்சு வருசம் நிக்கும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, வேரு கீழே போயிக்கிட்டே இருக்கும். பெறகுதான் பாளை, பெறகுதான் பதனீரு, அப்புறம் பேரன் காலம் வரைக்கும் கொடுக்கும். நம்ம பயலுக மூணு நாள் உபவாசக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, நாலாம் நாள் பேருக்கு முன்னால 'அப்போஸ்தலர்'னு போட்டு பிளெக்ஸ் வைக்கான். அதுல ரெண்டு பக்கமும் புறா. மரியாள் கொண்டு போன புறா இல்லை, கம்ப்யூட்டர் புறா.

அந்த 12 வயசு விசயத்தையும் சொல்லிருதேன். மூணு நாள் தேடிப் பெத்தவங்க கண்டுபிடிக்கும்போது, பிள்ளை போதகர்மாரு நடுவுல உக்காந்து கேட்டுக்கிட்டும் கேள்வி கேட்டுக்கிட்டும் இருந்துது. நம்ம சண்டே ஸ்கூல்ல, காயீனுக்குப் பெஞ்சாதி எங்க இருந்து வந்தான்னு ஒரு பிள்ளை கேட்டா, வாயை மூடிட்டு மனப்பாட வசனத்தைச் சொல்லுங்கோம். கேள்வி கேட்டா விசுவாசம் கொறைஞ்சிருமாம். சரி, வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. அவ்வளவு பெரிய படிப்பாளிமாரை அசத்தின பிள்ளை, அன்னைக்கே பெத்தவங்க பின்னால ஊருக்கு நடந்து போயி அவுக சொல் கேட்டு இருந்துச்சு. நீங்க கிட்டாருல நாலு பாட்டு வாசிச்சதும், ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வாடான்னா 'நான் ஆராதனைக் குழுவுல இருக்கேன்'ங்கீங்க.

30 வயசு ஆச்சு. இனியாவது ஒரு நல்ல தொடக்க விழா இருக்கும்னு பாத்தா, யோர்தான்ல போயி வரிசையில நிக்காரு. திபேரியு ராயன் ஆட்சிக்கு 15-ஆம் வருசம், ஞானஸ்நானம் கொடுக்குத யோவான் அங்க பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சாரு. ஆயக்காரன், பட்டாளத்துக்காரன்னு பாவத்தைச் சொல்லி அழுதவங்க நிக்குத வரிசை அது. அங்க போயி நானும் முங்குதேன்னு நிக்காரு. வேண்டாம், நீங்க எனக்கில்லா கொடுக்கணும்னு யோவானே தடுக்காரு. கேக்கலை. நம்ம கோயில்ல முன் பெஞ்சு யாருக்குன்னு எழுதி வைக்கலைன்னாலும் எல்லாருக்கும் தெரியும். ஒரு புது ஆளு தெரியாம வந்து உக்காந்தா, சபை மூப்பர் ஒரு இருமல் இருமுவாரு. அந்த இருமலுக்கு அர்த்தம் புரியாதவன் மறுவாரம் வர மாட்டான்.

அடுத்தது வனாந்தரம். இதுல கொஞ்சம் நிதானமாப் போவோம், நம்ம சபைக்கு ரொம்ப வேண்டிய பகுதி. நாப்பது நாள் பட்டினி கெடந்தவருகிட்ட சாத்தான் வாறான். கையில கத்தியில்லை, தலையில கொம்பில்லை. மூணு யோசனைதான் சொல்லுதான், மூணும் நல்ல யோசனை. மொதல்ல, கல்லை அப்பமாக்கு. இதுல என்ன தப்பு? பசிச்சவன் சாப்பிடக் கூடாதா? ஆனா தனக்குக் கெடைச்ச வரத்தை மொதல்ல தன் வயித்துக்குப் பயன்படுத்துதது எப்படின்னு அவருக்கு வெளங்கலை. நம்ம பக்கத்துல வெளங்குன ஆளு உண்டு. ஊழியக் கணக்குல காரு வந்துச்சு, காரு நிக்க ஷெட்டு வந்துச்சு, ஷெட்டுக்குக் காவலா ஒரு பங்களாவும் வந்துச்சு.

ரெண்டாவது, தேவாலயத்து உச்சியில இருந்து குதி, தூதன் தாங்கிக்கிடுவான்னான். இதைச் சொல்லும்போது சங்கீதத்துல இருந்து வசனம் காட்டுதான். கவனிங்க தம்பிமாரே, பிசாசுக்கு வசனம் தெரியும். மனப்பாடப் போட்டி வச்சா மொதப் பரிசு அவனுக்குத்தான் போவும். வசனம் நாக்குல புரளுதவனெல்லாம் நம்ம ஆளுன்னு நம்பி மேடையைக் கொடுத்தா என்னாவும்னு அந்த அதிகாரத்தைப் படிச்சவனுக்குத் தெரியும். ஆண்டவரு குதிச்சிருந்தா எருசலேம் முழுக்க ஒரே நாள்ல பேரு பரவியிருக்கும். எத்தனை மணிக்குக் குதிக்காருன்னு நோட்டீஸ் போட்டிருக்கலாம். குதிக்க மாட்டேன்னுட்டாரு.

மூணாவதுதான் பெரிசு. ஒரு மலை மேல நிறுத்தி எல்லா ராச்சியத்தையும் காட்டி, ஒரு கும்பிடு போடு, அத்தனையும் உனக்குங்கான். உலகத்துல இதை விட மலிவான எலெக்‌ஷன் நடந்ததே இல்லை. காசு கொடுக்க வேண்டாம், வேன் வச்சு ஓட்டுக்காரங்களை அள்ள வேண்டாம், பிரியாணி வேண்டாம். ஒரே ஒரு கும்பிடு. அதையும் வேண்டாம்னுட்டு மலையை விட்டு எறங்கி வந்துட்டாரு. நம்ம சேகரத் தேர்தல்ல ஒரு நாற்காலிக்கு எத்தனை பேரைக் கும்பிடுதோம், அதுல எத்தனை பேரு நமக்கே புடிக்காதவங்க! கணக்குப் போட்டுப் பாத்தா சாத்தான் ரொம்ப நியாயமான ஆளு.

கூட்டாளி சேத்த லட்சணத்தைப் பாருங்க. கலிலேயாக் கடல்னு பேருதானே தவிர அது ஒரு ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டர் கீழே கெடக்குத நல்லதண்ணி ஏரி. அங்க வலை வீசுனவங்க, வலை பொத்துனவங்களைக் கூப்பிட்டாரு. 1986-ல மழையில்லாம அந்த ஏரி வத்தினப்போ சகதிக்குள்ள ஒரு பழைய படகு கெடைச்சுது. 8 மீட்டர் நீளம், அவரு காலத்துப் படகு. அவரு ஏறினதுன்னு யாரும் சொல்லலை. பத்துப் பன்னிரண்டு ஜாதி மரம் அதுல இருக்காம். உடைஞ்ச படகுல இருந்து கழட்டின பலகை, கையில அகப்பட்ட துண்டுன்னு ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்காவ. அந்தக் கடக்கரைப் பிழைப்பு அப்படி. அந்த ஆளுங்களை நம்பித்தான் சபை தொடங்குனாரு.

அது போகட்டும். வரி வசூல் பண்ண ஆயத்துறையில உக்காந்த மத்தேயுவையும், செலோத்தேன்னு பேரெடுத்த சீமோனையும் ஒரே பந்தியில உக்கார வச்சாரு. செலோத்தேன்னா ரோமன்கூட ஒத்துப்போறவனைக் கண்டா ஆவாத ஆளு. ஒருத்தன் கவர்மெண்டு ஆளு, ஒருத்தன் கவர்மெண்டைக் கவுக்கணும்ங்கிற ஆளு. நம்ம கமிட்டியா இருந்தா மொத மீட்டிங்லயே நாற்காலி பறந்திருக்கும், ரெண்டாம் மீட்டிங்குக்குப் போலீஸ் பந்தோபஸ்து, மூணாவது மீட்டிங் கோர்ட்டுல. அவரு ரெண்டு பேரையும் கூடவே நடக்க வச்சாரு. நீ எந்த அணின்னு யாரும் கேக்கலை போல.

கானா ஊர்க் கல்யாணம் உங்களுக்கு மனப்பாடம். ஆறு கல்சாடி, எல்லாம் சேத்தா 500, 600 லிட்டர் புடிக்கும். ரசம் தீந்து போச்சு, மாப்பிள்ளை வீட்டு மானம் போகப் போவுது. தண்ணி ரசமாச்சு. அது எங்க இருந்து வந்துச்சுன்னு பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியாது. தண்ணி கோரி ஊத்தின வேலைக்காரனுக்குத்தான் தெரியும். மானம் காப்பாத்தப்பட்டது அந்த வீட்டுக்காரனுக்கே தெரியாம ஒரு உதவி! நாம ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினா, மூணு றெக்கையிலயும் பேரு எழுதி, அது சுத்தும்போது எழுத்துத் தெரியலியேன்னு ஸ்பீடைக் கொறைக்கச் சொல்லுதோம்.

கப்பர்நகூம்ல இதை விட மோசம். சாயங்காலம் ஊரே வாசல்ல கூடிருச்சு, நோயாளி எல்லாம் சொஸ்தம். மறுநாள் விடியுமுன்ன எந்திரிச்சு ஆளில்லாத எடத்துக்குப் போயி ஜெபம் பண்ணிட்டு இருக்காரு. சீமோன் ஓடி வந்து, எல்லாரும் உங்களைத் தேடுதாவன்னு சொல்லுதாரு. சொல்லும்போது அந்த மனுசன் மொகத்துல எவ்வளவு சந்தோசம் இருந்திருக்கும்! எங்க வீட்டு வாசல்ல கூட்டம்னா சும்மாவா? ஆண்டவரு என்ன சொன்னாரு? அப்போ பக்கத்து ஊருக்குப் போவோம், வாங்கன்னுட்டாரு. கூட்டம் சேந்த எடத்தை விட்டுட்டுப் போன ஊழியக்காரன் ஒருத்தரைச் சொல்லுங்க பாப்போம். நம்ம ஆளு அன்னைக்கே அங்க ஒரு செட்டு போட்டு, பஸ் ஸ்டாப்புக்கும் தன் பேரை வைக்கச் சொல்லியிருப்பாரு.

சொந்த ஊர்ல பேசுனதையும் சொல்லணும். நாசரேத்து ஜெப ஆலயத்துல ஏசாயா சுருளை வாசிச்சதும் எல்லாருக்கும் பெருமை. நம்ம யோசேப்பு மகன் எப்படிப் பேசுதான் பாத்தியான்னு கண்ணுல தண்ணி. அத்தோட உக்காந்திருந்தா மாலை போட்டிருப்பாவ. அவருக்கு நாக்கு நிக்கலை. பஞ்ச காலத்துல எலியா நம்ம ஊரு விதவைகிட்டப் போகலை, சீதோன் பக்கத்துச் சாறிபாத்து விதவைகிட்டத்தான் போனாரு. எலிசா காலத்துல சொஸ்தமான குஷ்டரோகி நம்ம ஆளு இல்லை, சீரியா தேசத்து நாகமான்னு ரெண்டு கதையை எடுத்து விட்டாரு. அவ்வளவுதான். மாலை எடுத்த கை மலை உச்சிக்குத் தள்ளிட்டுப் போச்சு. 'நம்ம ஆளு'ங்கிற வார்த்தையில கை வச்சா இதுதான் நடக்கும்.

அதுக்கு அப்புறமும் புத்தி வந்துச்சா? சமாரியாவுல சீகார் ஊர்க் கிணத்தடியில, உச்சி வெயில்ல தனியாத் தண்ணிக்கு வந்த ஒரு பொம்பளைகிட்ட, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மான்னு கேட்டாரு. யூதனுக்கும் சமாரியனுக்கும் பாத்திரப் பொழக்கம் கிடையாது. அவளே திகைச்சுப் போறா, நீரு எங்கிட்டயா கேக்கீருன்னு. கொடுத்தாலே ஆச்சரியப்பட வேண்டிய எடத்துல இவரு கையேந்தி வாங்குத எடத்துல நிக்காரு. இந்த எடத்துல மட்டும் எனக்குக் கேலி வரலை பிள்ளைகளே. நம்ம வடக்கன்குளத்துல நடுவுல சுவரு வச்சு, ஒரு பீடத்துக்கு ரெண்டு பக்கமா ரெண்டு சாதியைப் பிரிச்சு உக்கார வச்ச கோயில் இருந்துச்சு. 1910-ல சுவரை இடிச்சாவ. இடிச்சது தப்புன்னு ஐகோர்ட்டு வரைக்கும் வழக்குப் போச்சு. அது ஆர்.சி. கோயில், நமக்கென்னன்னு சிரிக்குதவன் கையைத் தூக்கு. நம்ம பக்கம் சுவரு வைக்கலை, செங்கலுக்குக் காசு வேணும்லா? பயோடேட்டாவுல கடைசி வரியா எழுதிக்கிடுதோம். செத்தாலும் கல்லறைத் தோட்டத்துல எந்த மூலை யாருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கோம். சீகார் கிணத்துல அவரு கேட்ட தண்ணியில ஒரு மொடக்கு நமக்கு எறங்கியிருந்தா, ராப்போஜனப் பாத்திரத்துக்கு அர்த்தம் புரிஞ்சிருக்கும்.

சரி, பணக் கணக்குக்கு வாறேன். பொருளாளர் மருமவன் முன்னால உக்காந்து நெளியுதாரு. அந்த ஊழியத்துக்குச் செலவு யாரு பாத்தான்னு லூக்கா எட்டாம் அதிகாரத்துல ஒளிக்காம எழுதுதாரு. மகதலேனா மரியாள், ஏரோது வீட்டுக் காரியக்காரன் கூசா பெஞ்சாதி யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பல பொம்பளைங்க தங்க ஆஸ்தியில இருந்து செஞ்சாவ. அரமனைக் காரியக்காரன் வீட்டு அம்மா இந்த ஒட்டுப் படகுக் கூட்டத்துக்குச் சோறு போட்டிருக்கா. நம்ம சபையிலயும் கைப்பிடி அரிசி எடுத்து வச்சுக் கோயிலை நிக்க வச்சது பொம்பளைங்கதான். கமிட்டி மீட்டிங்ல அவுக பங்கு காப்பி கொண்டாருத வரைக்கும். அவரு கூட நடந்த பன்னிரண்டு சீஷருல பையைத் தூக்கிட்டு நடந்த பொருளாளரு ஒருத்தர் உண்டு. அவரு பேரை நான் சொல்ல மாட்டேன், மருமவன் மனசு நோவும்.

பன்னிரண்டு பேரையும் ரெண்டு ரெண்டு பேரா ஊருக்குள்ள அனுப்பும்போது சொன்ன புத்திமதியையும் கேளுங்க. பை வேண்டாம், அப்பம் வேண்டாம், மடியில காசு வேண்டாம், மாத்து உடுப்பு வேண்டாம். ஒரு ஊருக்குப் போனா, மொதல்ல எந்த வீட்டுல எறங்குனீங்களோ அந்த வீட்டுலயே கடைசி வரைக்கும் தங்கணும். இதுக்குக் காரணம் அவரு சொல்லலை. எனக்குத் தெரியும். மொத வீட்டுல கூழு ஊத்துவான். ரெண்டாம் நாள் மூணாவது வீட்டுல கோழி அடிச்சிருக்குன்னு வாசம் வரும். கூழு ஊத்துனவன் மொகத்தைப் பாத்துட்டே கோழி வீட்டுக்குப் போகக் கூடாது. ஊழியத்துக்குப் போற தம்பிமாரு யாராவது இருந்தா இந்த ஒண்ணைச் சீட்டுல எழுதிக்கிடுங்க, மத்ததை மறந்தாலும் சரி.

இதுக்கு மேல சொன்னா டீ ஆறிரும். கடைசியா ஒரு குஷ்டரோகி. யாரும் தொடாதவனைத் தொட்டு சொஸ்தமாக்கிட்டு, இதை ஒருத்தருகிட்டயும் சொல்லாதே, ஆசாரியன்கிட்டப் போயிக் காட்டிட்டு உன் வேலையைப் பாருன்னு கண்டிச்சு அனுப்பினாரு. நாமளா இருந்தா சாட்சி சொல்ல வச்சு வீடியோ எடுத்திருப்போம், முன்னாடி பின்னாடி போட்டோவோட. அவன் கேட்டானா? போன வழியெல்லாம் சொல்லிட்டுப் போனான். அதனால ஆண்டவரு எந்த ஊருக்குள்ளயும் வெளிப்படையா நுழைய முடியாம ஊருக்கு வெளியே தங்க வேண்டியதாப் போச்சு.

அதனால பிள்ளைகளா, நான் இன்னைக்குப் பேசுனதை நீங்களும் ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா ஐயருகிட்டயும் சபை மூப்பருகிட்டயும். சொல்லாதேன்னு சொன்னா நீங்க எவ்வளவு வேகமா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும், அந்த வேகத்துல போங்க. கல்லறைத் தோட்டத்துல வேப்பமரத்து நெழல்ல எனக்குன்னு பாத்து வச்சிருக்க எடம் அதனால போனாலும் பரவாயில்லை. அந்த மூலைக்காரங்க ஒத்துக்கிட மாட்டாங்கன்னு மறு மூலையில கொஞ்சம் பேரை வச்சிருக்காவளே, அவுக பக்கத்துல என்னைப் போட்டுருங்க.